பதினோரு மாதமும் வேண்டாத நாக்கு

ஜெயம்மாள் வெற்றிலை போடமாட்டாள். பட்டை இடிக்கும் கொட்டகையில் மத்தியானக் கஞ்சி முடிந்ததும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மடியிலிருந்து சுருக்குப் பையை எடுப்பார்கள். யாராவது ஒருத்தி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி அவள் பக்கம் நீட்டுவாள். ஜெயம்மாள் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டுவாள். வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லமாட்டாள், கையைக் கவிழ்ப்பதோடு சரி. கல்யாண வீட்டில் தாம்பாளம் வந்தாலும் அப்படித்தான், சாவு வீட்டிலும் அப்படித்தான். மிளகாயைக் கடிக்கமாட்டாள். கஞ்சி கொதிக்கக் கொதிக்க வந்தால் ஆறும்வரை அதை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். முப்பது வருஷமாக ஆம்பூர் சேரியில் எல்லாரும் பார்த்து வருவது இது.

தலைக்கனம் என்றார்கள். கொட்டகையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று உலக்கை போடும் வள்ளியம்மாள் மட்டும் வேறு மாதிரி சொல்லுவாள். "அவளுக்கு சின்னசாமி பேருக்குப் புருஷன். நெசப் புருஷன் அந்த நாக்குதான். அத்தத்தான் பொத்திப் பொத்தி வெச்சிருக்கா."

ஆலங்காயத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது ஜெயம்மாளுக்குப் பதினைந்து வயது. சின்னசாமி பாலாற்றங்கரையில் நிசார் அஹமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தான். வந்த மூன்றாம் நாளே அவளையும் அங்கே கூட்டிப்போய்ப் பட்டை இடிக்க விட்டுவிட்டான்.

ஆவாரஞ்செடியின் பட்டையை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பெண்கள் அதை உலக்கையால் இடிப்பார்கள். இடித்த பட்டையைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் துவர்ப்பு இறங்கும். மயிர் நீக்கிக் கழுவிய ஆட்டுத் தோல் அந்தத் துவர்ப்பில் நாள்கணக்கில் கிடந்தால்தான் அழுகாத தோலாகும். பட்டைத் தூள் மூக்கில் ஏறும், கண்ணில் விழும். மற்ற பெண்கள் முந்தானையால் முகத்தைக் கட்டிக்கொண்டு திட்டிக்கொண்டே இடித்தார்கள். ஜெயம்மாள் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

யாரும் அவளை வைக்கச் சொல்லவில்லை. ஒரு பொருள் கைக்கு வந்தால் அது எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியாது, அவ்வளவுதான். ஆலங்காயம் மலையடிவாரத்துப் பட்டை கன்னத்தின் உட்புறத்தைப் பிடித்து இழுத்து, இழுத்த இடத்திலேயே நின்றது. கணியம்பாடி வரப்புகளில் உரித்த பட்டை கடித்தவுடன் துவர்த்துவிட்டு ஓடிப்போனது. மழையில் நனைந்த பட்டை மண்ணாக இருந்தது. ஒரு மாதத்தில் வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பட்டையை வாயில் போட்டே சொன்னாள். நடுவில் ஒருநாள் வெற்றிலை போட்டாள். அன்று பட்டையின் துவர்ப்பு நாக்கில் தெரியவில்லை. அதோடு விட்டாள்.

பட்டை நாக்கில் படும் அந்த ஒரு கணத்தில் மட்டும் அவளுக்குக் கோபம் இருக்காது. மற்ற நேரமெல்லாம் இருந்தது. நனைந்த பட்டையை நல்ல பட்டை என்று இறக்கிவிட்டுப் போகும் வண்டிக்காரன் மேல் கோபம். தெரிந்தும் பேசாமலிருக்கும் பெண்கள் மேல் கோபம். "ஈரப்பட்டயக் கொட்டிட்டுப் போறியே, இத்த உன் வூட்டு அடுப்புல வெச்சாக்கூட எரியாது" என்று வண்டிக்குப் பின்னாலேயே கத்துவாள்.

"ஒனக்கு இன்னா வந்துச்சி? இடிக்கச் சொன்னா இடி" என்பான் சின்னசாமி. நல்லவன். யாரோடும் சண்டை கிடையாது. சுண்ணாம்பில் விரல் நகமெல்லாம் தேய்ந்துபோனபோதுகூட ஒரு வார்த்தை சொல்லாதவன். பொறுமையும் அடக்கமும் இருந்தால் நல்ல வேலை தானாக வந்து சேரும் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். அவனிடம் அந்த இரண்டும் ஏராளமாக இருந்தன. கடைசிவரை அவன் சுண்ணாம்புத் தொட்டியில்தான் நின்றான்.

ஷாப்பில் பட்டைத் தொட்டிகளுக்கு ராஜா ஜியாவுல்லா மேஸ்திரி. காலையில் கொட்டாங்கச்சி அகப்பையோடு தொட்டி தொட்டியாகப் போவார். ஒரு மடக்கு அள்ளி வாயில் ஊற்றிச் சுழற்றித் துப்புவார். "இதுல நாலு கூடை பட்டை போடு. அந்தத் தொட்டிக்கு வேணாம். இத்த வடிச்சி ஊத்திடு." அவர் சொன்னபடி நடக்கும். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா இதையே செய்தார். வேறு யாரும் அந்த அகப்பையைத் தொடமுடியாது.

நோன்பு மாதத்தில் மட்டும் அவரால் அது முடியாது. பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் உதட்டில் படக்கூடாது என்று இருப்பவர், தொட்டித் தண்ணீரை வாயில் வைப்பாரா? துப்பினால் பரவாயில்லை என்று யாரோ சொன்னபோதும் அவர் ஒப்பவில்லை. அந்த மாதம் மட்டும் அவருக்காக ருசி பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் ஓர் ஆடியில் இறந்துபோனார். அந்த வருஷம் நோன்பு ஆவணியில் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.

மேஸ்திரி பட்டைக் கொட்டகை வாசலில் வந்து நின்றார். "உங்கள்ல வெத்தல பொகயில போடாதவ யாரு?"

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. "ஜெயம்மாதான் மேஸ்திரி. அவ எங்க கூட்டத்துல சேரமாட்டா" என்றாள் வள்ளியம்மாள்.

முதல் தொட்டியிலிருந்து அகப்பையில் எடுத்து, தூக்கிப் பிடித்து, அவள் உள்ளங்கையில் ஊற்றினார். "வாயில வெச்சி ஜாஸ்தியா கம்மியான்னு சொல்லு. முழுங்கிடாதே."

ஜெயம்மாள் வாயில் சுழற்றித் துப்பினாள். "நேத்து நல்லா இருந்திருக்கும். இப்ப துவர்ப்பு மேலாலதான் நிக்குது, கன்னத்த இழுக்கல. அடியில புளிப்பு வந்துடுச்சி. புதுப் பட்டை போட்டா மட்டும் பத்தாது, பாதித் தண்ணிய எடுத்துடணும்."

மேஸ்திரி அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு தொட்டி ஆட்களிடம் திரும்பி, "பாதித் தண்ணிய எடுத்துடுங்க" என்றார், தாமே கண்டுபிடித்ததுபோல.

முப்பது நாள் அவள் உலக்கையைத் தொடவில்லை. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு குணம் இருப்பது அவளுக்குப் புரிந்தது. வெயில் விழும் ஓரத்துத் தொட்டி சீக்கிரம் புளிக்கும், சுவரோரத்துத் தொட்டி சோம்பேறி. ராத்திரி படுக்கும்போதும் வாயில் துவர்ப்பு இருந்தது. காலையில் எழுந்து வேலைக்கு ஓடினாள். வேலைக்கு ஓடுவது என்று ஒன்று உண்டு என்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது.

பெருநாளுக்கு மறுநாள் காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு முதல் தொட்டியருகே போய் நின்றாள்.

"இன்னா?" என்றார் மேஸ்திரி. அவர் கையில் அகப்பை இருந்தது, கடைவாயில் புகையிலை இருந்தது.

"ருசி பாக்க வந்தேன்."

அவர் சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை, நிஜமாகவே அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "அரே, நோன்பு முடிஞ்சிச்சிம்மா. போ, ஒலக்கைய எடு."

இப்படிப் பன்னிரண்டு வருஷம். நோன்பு வருஷத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்துகொண்டே இருந்தது. ஆவணியிலிருந்து ஆடிக்கு வந்தது, ஆனிக்கு வந்தது, வைகாசிக்கு வந்தது. முப்பது நாள் கூப்பிடுவார்கள். முப்பத்தோராம் நாள் விரட்டுவார்கள். "பிறை தெரிஞ்சா சாயபுமாருக்கு நோன்பு, நம்ம ஜெயம்மாவுக்கு உத்தியோகம்" என்று கொட்டகையில் சிரித்தார்கள். அவளுக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கும். பொறுக்காதது இன்னொன்று.

நோன்பு மாதத்தில் பதனிட்ட தோல் மதராஸ் போனால் அங்கே முதல் தரத்தில் அடுக்கினார்கள். மற்ற மாதத்துத் தோலில் எப்போதும் ஒரு பங்கு மட்டம் என்று கழிந்து வந்தது. நிசார் அஹமது சாயபு இதைக் கவனித்திருந்தார். நல்ல மனிதர், அந்த மாதம் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவர். "ரம்ஜான் மாசத்து பரக்கத். அல்லாஹ் கொடுக்கற அருள்" என்று வருகிற வியாபாரிகளிடமெல்லாம் சொன்னார். அந்த மாதத்துத் தோலைத் தனியாகக் கட்டி வைத்துப் பெருமையாகக் காட்டினார். பக்கத்தில் நின்று மேஸ்திரி தலையாட்டினார்.

கொட்டகையில் உலக்கை போட்டுக்கொண்டே ஜெயம்மாள் அதைக் கேட்டாள். அன்று அவள் இடித்த இடியில் உரலைச் சுற்றிப் பட்டை தெறித்தது. பதினோரு மாதமும் மேஸ்திரியின் வாயில் புகையிலை ஓய்வதில்லை, அந்த நாக்கு தடித்துப்போய் எத்தனையோ காலம் ஆகிறது. கழிந்து வரும் தோலெல்லாம் அந்த நாக்கு கழித்த தோல். அதைத் தெரிந்தவர்கள் ஷாப்பில் இரண்டே பேர். ஒருவர் சொல்லமாட்டார். இன்னொருத்தியை யாரும் கேட்கமாட்டார்கள்.

நோன்பு சித்திரைக்கு வந்த வருஷம், பிறை பார்க்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம், மேஸ்திரி கொட்டகைக்குள் தலையை நீட்டினார். "ஜெயம்மா, நாளான்னிக்குத் தொட்டிக்கு வந்துடு."

"வரமாட்டேன்."

உலக்கைகள் நின்றன.

"இன்னாது?"

"வருஷம் பூரா கூப்புட்டா வர்றேன். பதினோரு மாசம் வேணாத நாக்கு இந்த ஒரு மாசமும் வேணாம்."

"பேஜார் பண்ணாதே. பொம்பளை எங்கனா தொட்டி வேலை பாப்பாளா?"

"பன்னண்டு நோன்பு பாத்தேனே, அப்ப நான் ஆம்பளையா?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். மேஸ்திரியின் முகம் கறுத்தது. "ஒன் நாக்கு இல்லன்னா தோல் பதமாவாதா? நாப்பது வருஷம் தொட்டியில நின்னவன் நான். கலரப் பாத்தே சொல்லுவேன், போ."

அன்று வீட்டில் சின்னசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. "இருக்கறத வெச்சிக்கினு இருக்கக்கூடாதா? ஒரு மாசமாச்சும் உனக்குப் புடிச்ச வேலை கெடச்சிது. இப்ப அதுவும் போச்சி."

"ஒரு மாசம் காட்டிட்டு அப்பால புடுங்கிக்கிறதுக்குப் பேரு வேலையாய்யா?"

"உனக்குக் கொணம் பத்தாதுமே" என்றான் அவன் வருத்தமாக.

குணம் பத்தாது. இதைத்தான் பிறந்ததிலிருந்து எல்லாரும் சொல்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு இருப்பது ஒன்றே குணம் என்றால், சுவருக்கு இருக்கும் குணம் யாருக்கும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி சொன்னபடியே கண்ணால் பார்த்துப் பதம் சொன்னார். ஆம்பூர்ச் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றும், வற்ற வற்றக் கறுக்கும். பார்ப்பதற்கு நல்ல முரட்டுத் துவர்ப்புபோல் இருக்கும். உள்ளே புளித்துச் செத்திருக்கும். ஒவ்வொரு நாளும் அவர் எட்டிப் பார்த்து, "கலர் நல்லா கீது, பட்டை வேணாம்" என்றார். கொட்டகையில் இடித்த பட்டை மலையாகக் குவிந்தது. அந்தக் குவியலைப் பார்த்தே ஜெயம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

பத்தாம் நாள் குடத்தோடு அந்தப் பக்கம் போன ஜெயம்மாள் ஓரத்துத் தொட்டியில் கையை விட்டு ஒரு மடக்கு வாயில் ஊற்றினாள். உடனே துப்பினாள். நேராக மேஸ்திரியிடம் போனாள். "தண்ணி செத்துப்போச்சி மேஸ்திரி. தோலு மேல கலர் ஏறும், உள்ள பச்சையாவே நிக்கும்."

"உன்ன யார் பாக்கச் சொன்னது? வரமாட்டேன்னவ போய் ஒலக்கையப் புடி."

"கெடட்டுமே" என்றாள் வள்ளியம்மாள், அவள் திரும்பி வந்ததும். "கெட்டாதான் உன் அருமை தெரியும். நீ வாய மூடிக்கினு இரு. இந்த ஒரு வாட்டி."

நல்ல யோசனைதான். வேறு யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஜெயம்மாளால் முடியவில்லை. அறுநூறு தோல். சின்னசாமி நகம் தேயச் சுண்ணாம்பில் புரட்டியது, பெண்கள் உட்கார்ந்து மயிர் வழித்தது, இவள் இடித்தது, எல்லாம் அந்தச் செத்த தண்ணீரில் மிதந்தது. மேஸ்திரி மேல் இருந்த கோபத்தைவிட அந்தத் தண்ணீர் மேல் அவளுக்கு அதிகம் கோபம் வந்தது. இன்னும் இரண்டு தடவை போய்ச் சொன்னாள். இரண்டு தடவையும் விரட்டினார்.

இருபத்திரண்டாம் நோன்பன்று தோல்கள் எண்ணெய் தடவி உலர்ந்து அடுக்கில் ஏறின. மறுநாள் மதராஸ் ரயிலுக்குக் கட்டவேண்டும். மாலை அஸர் தொழுகை முடிந்து நிசார் அஹமது சாயபு பார்க்க வந்தார். மேலே இருந்த தோலைத் தடவிப் பார்த்தார். நிறம் தேன்போல இருந்தது. "மாஷா அல்லாஹ். ரம்ஜான் தோலு" என்றார்.

ஜெயம்மாள் உலக்கையைக் கீழே போட்டாள். ஓரம் கத்தரிக்கிறவனுக்குப் பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்தாள். யாரும் என்ன ஏது என்று கேட்பதற்குள் அடுக்கின் மேல் தோலை இழுத்து, அதன் கழுத்துப் பக்கத்தை ஒரே அறுப்பாக அறுத்தாள்.

கட்டுவதற்கு அடுக்கிய தோலில் கத்தி வைப்பது ஷாப்பில் கொலைக்குச் சமம். "தோபா தோபா" என்று மேஸ்திரி கத்தினார். சின்னசாமி சுண்ணாம்புக் கையோடு ஓடிவந்தான். "ஏ, உனக்குப் பைத்தியமா?"

அவள் அறுத்த வாயைப் பிளந்து சாயபுவின் முன்னால் பிடித்தாள். இரண்டு பக்கமும் தேன் நிறம். நடுவில் நூல்போல் வெள்ளைக் கோடு. துவர்ப்பு போய்ச் சேராத பச்சைத் தோல்.

சாயபு கையை நீட்டினார். கத்தியை வாங்கினார். இரண்டாவது தோலை அறுத்தார். அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவி அறுத்தார். அடியிலிருந்து ஒன்று. எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருந்தது.

"நோன்பு மாசத்துல நீதானே ருசி பாப்பே?" என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டார். "ஏன் பாக்கல?"

ஜெயம்மாள் அறுத்த தோலை அடுக்கின்மேல் எறிந்தாள். "இப்ப மட்டும் அது என் வேலையா சாயபு? நல்லா வந்தா பரக்கத்து, கெட்டுப்போனா ஜெயம்மாவா? பரக்கத்து மாசத்துக்கு இருக்கட்டும், நான் இல்லன்னு சொல்லல. பன்னண்டு நோன்புக்கும் பதம் சொன்னது நான். மத்த மாசத்துக் கழிவெல்லாம் யாருதுன்னு மேஸ்திரியக் கேளுங்க. இந்தத் தொட்டி செத்துப்போச்சின்னு மூணு வாட்டி வந்து சொன்னனா இல்லையான்னும் கேளுங்க."

சாயபு மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். "நிஜமா?"

ஜியாவுல்லா மேஸ்திரி நின்ற இடத்திலேயே நின்றார். ஒரு வார்த்தையில் அவளை முடித்துவிடலாம். பட்டை இடிக்கிற பெண் ஒரு பக்கம், நாற்பது வருஷத்து மேஸ்திரி ஒரு பக்கம். வேறு மாதமாக இருந்தால் அந்த வார்த்தை வந்திருக்கும். இருபத்திரண்டு நாள் பட்டினி கிடந்த வாய் அது. அந்த வாயால் பொய் சொல்ல அவரால் முடியவில்லை.

"நிஜம்தான் சாப்" என்றார், தரையைப் பார்த்து. "மூணு வாட்டி சொன்னா."

சாயபு கத்தியைக் கீழே வைத்து, "எல்லாத்தையும் எடுத்துப் புதுத் தண்ணியில போடுங்க. ரயில் போனாப் போவட்டும்" என்றார். "ஜெயம்மா, நீ போய்த் தொட்டியப் பாரு. ஜல்தி."

அவள் போகவில்லை. "இந்த மாசத்துக்கா, எப்பவுமா?"

"யம்மா, மொதல்ல போ" என்று சின்னசாமி கெஞ்சினான்.

"சொல்லட்டும்யா. அப்பால போறேன்."

சாயபு அவளை உற்றுப் பார்த்தார். அவரும் நோன்பாளிதான். சொன்னால் சொன்னதுதான். "எப்பவும்" என்றார்.

"அப்போ ரிஜிஸ்தர்ல என் பேருக்கு நேரா எழுதிடுங்க. தொட்டி வேலைன்னு."

"அது ஆவாது. பொம்பளை பேர்ல தொட்டின்னு எழுதினா ஊர்ல மத்த ஷாப்புக்காரன் எல்லாம் சிரிப்பான். வேலைய வெச்சிக்கோ. பேர விடு."

அவளுக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் அறுநூறு தோலும் பச்சையாகக் கிடந்தது. ஓரத்துத் தொட்டிக்குப் போய் மண்டியிட்டு, "இந்தத் தண்ணி பூராவையும் எறச்சிக் கொட்டுங்க. ஒரு சொட்டு இருக்கக்கூடாது" என்றாள். தொட்டி ஆட்கள் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் எங்கோ பார்த்தார். அவர்கள் இறைத்தார்கள்.

பெருநாளுக்கு மறுநாள் அவள் வந்தபோது முதல் தொட்டியின் விளிம்பில் அகப்பை கிடந்தது. மேஸ்திரி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஜெயம்மாள் அதைத் தொடவில்லை. கையால் அள்ளி வாயில் ஊற்றிச் சுழற்றித் துப்பினாள். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த ஆறு வருஷமும் இரண்டு பேரும் தொட்டியைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை. அந்த ஆறு வருஷத்தில் மதராஸிலிருந்து தோல் கழிந்து வந்ததும் இல்லை.

அவள் மாறிவிடுவாள், பிடித்த வேலை கிடைத்தால் கோபம் தணியும் என்று சின்னசாமி நினைத்தான். தணியவில்லை. ஈரப்பட்டை வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். வியாபாரிகள் வந்தால் சாயபுவின் மருமகன் தொட்டிப் பக்கம் கைகாட்டி, "எங்க ஆளுங்க பதம் பாக்கறதுல கெட்டிக்காரங்க" என்பான். அந்த ஆளுங்க யார் என்று அவன் சொன்னதில்லை. அவள் குறுக்கே போய், "நான்தான் அந்த ஆளு" என்பாள். மரியாதை தெரியாதவள் என்று ஷாப்பில் பேச்சு. வாசல் கேட்டிலிருந்து கொட்டகைவரை யாருக்கும் அவளைப் பிடிக்காது.

இப்போது நோன்பு கார்த்திகைக்கு வந்துவிட்டது. ஷாப்பில் இருபத்திரண்டு தொட்டி இருக்கிறது. நோன்பு மாதமும் மற்ற பதினோரு மாதமும் இருபத்திரண்டையும் ஜெயம்மாள்தான் ருசி பார்க்கிறாள். ரிஜிஸ்தரில் அவள் பேருக்கு நேராகப் பட்டை இடிப்பு என்று இருக்கிறது. மாதம் பிறந்தால் முதல் நாள் போய் அதை மாற்றி எழுதச் சொல்லிக் கேட்கிறாள். இந்த மாதமும் கேட்டாள். எழுதவில்லை.